மெத் காய்ச்சப்பட்ட வீட்டை வாங்கலாமா: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். கலிபோர்னியாவில் நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டில் முன்பு மெத் எனப்படும் மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருள் காய்ச்சப்பட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னதையும், விற்பவரோ புதிதாகப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்றதையும் படித்தேன். அந்தச் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாநிலத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு மாசுபட்டிருப்பதாக உள்ளூர்ச் சுகாதார அலுவலர் முடிவு செய்தால், அங்கு எவரும் குடியிருக்கக் கூடாதென ஆணையிடுவார். உரிமையாளர் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு தூய்மை செய்து, பரப்புகளில் 100 சதுர சென்டிமீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமுக்கு மேல் மெத் எஞ்சவில்லை என்று சோதனையில் காட்டிய பிறகே, மேல் நடவடிக்கை தேவையில்லை என்ற கடிதம் கிடைக்கும். அதுவரை, நடந்ததை எழுத்தில் தெரிவித்து ஆணையின் நகலையும் வாங்குபவருக்குத் தருவது விற்பவரின் கடமை. பெயின்ட் மாசை மறைக்குமே தவிர நீக்காது.

முதலில் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சுகாதார அலுவலகத்தில் அந்த முகவரிக்கு ஆணையோ கடிதமோ உண்டா என்று எழுதிக் கேளுங்கள். காவல்துறை கண்டுபிடிக்காத வீட்டுக்குப் பதிவே இருக்காது என்பதால், ஆவணம் இல்லையென்றாலும் சுவர்களைத் துடைத்து மாதிரி எடுக்கும் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்கள் குழந்தை தவழத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தரையைத் தொட்ட கையை உடனே வாயில் வைக்கும் வயது அது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.