எல்லா ரீஜனுக்கும் ஒரே டிஎஸ் கியூ: மெயின்ஃபிரேம் கேள்வி-பதில்

கேள்வி: சம்பள நாளில் எங்கள் சிஐசிஎஸ்ஸில் (மெயின்ஃபிரேமில் ஆன்லைன் வேலைகளை ஓட்டும் மென்பொருள்) ஒரு ரீஜன் (அதன் தனி ஓட்டம் ஒன்று) மட்டும் திணறுகிறது, பக்கத்து எல்பாரில் (மெயின்ஃபிரேமின் இன்னொரு பிரிவு) உள்ளது சும்மா கிடக்கிறது. வேலையைப் பகிர முடியவில்லையே, ஏன் அண்ணே? (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

முதல் திரை டிஎஸ் கியூவில் (தற்காலிகத் தரவு வைக்கும் வரிசை) எழுதுகிறது, இரண்டாம் திரை அதைப் படிக்கிறது. கியூ அந்த ரீஜனுக்குள்ளேயே இருப்பதால் அடுத்த திரையும் அங்கேதான் போயாக வேண்டும். கியூவை, எல்லா எல்பாரும் பகிரும் நினைவகமான கப்ளிங் ஃபெசிலிட்டிக்கு மாற்றுங்கள். புரோகிராமைத் தொட வேண்டாம். கியூ பெயரின் முன்னொட்டுக்கு ஒரு டிஎஸ்மாடல் (கியூ எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் வரையறை) போட்டு அதில் பூல் (பகிர்ந்த கியூக்களின் தொகுப்பு) பெயரைக் கொடுத்தால் போதும். சிஐசிஎஸ் ஓடும் ஒவ்வொரு இசட்ஓஎஸ்ஸிலும் (மெயின்ஃபிரேம் இயங்குதளம்) அந்தப் பூலுக்கு ஒரு சர்வர் ஓட வேண்டும், அதற்கு ஏஎக்ஸ்எம் சப்சிஸ்டமும் (சர்வரை சிஐசிஎஸ்ஸோடு இணைக்கும் சேவை) தேவை. பழைய அஃபினிட்டி விதியை (வேலையை ஒரே ரீஜனோடு கட்டிப்போடுவது) சிபிஎஸ்எம்மில் (ரீஜன்களுக்கு வேலையைப் பிரித்து அனுப்பும் கருவி) எடுக்க மறந்தால் இத்தனையும் வீண். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: கியூவை இப்படி மாற்றிவிட்டோம். இப்போது நோஸ்பேஸ் (இடமில்லை) பிழை வருகிறது. (பெட்டாலிங் ஜெயா)

பெரும்பாலும் யாரும் அழிக்காத கியூக்கள்தான். வாடிக்கையாளர் பாதியில் போய்விடுவார், டெலீட்கியூ (கியூவை அழிக்கும் கட்டளை) ஓடவே ஓடாது, டெர்மினல் பெயரில் ஒரு கியூ அப்படியே நிற்கும். சிஇஎம்டியில் (சிஐசிஎஸ்ஸின் நிர்வாகக் கட்டளை) பூல் பெயரைக் கொடுத்துப் பட்டியல் எடுங்கள். வெகுநேரமாக யாரும் தொடாதவை கண்ணில் படும். அவசரத்துக்கு செட்எக்ஸ்சிஎஃப் ஆல்டர் என்ற இசட்ஓஎஸ் கட்டளை மூலம் ஸ்டிரக்சரை (கப்ளிங் ஃபெசிலிட்டியில் பூலுக்கு ஒதுக்கிய இடம்) பெரிதாக்கலாம். ஆனால் சிஎஃப்ஆர்எம் பாலிசியில் (அந்த இடத்தின் அளவை வரையறுப்பது) இனிட்சைஸைவிட (தொடக்க அளவு) சைஸ் (உச்ச அளவு) பெரிதாக இருந்தால்தான் அது நடக்கும். இரண்டையும் ஒரே அளவாகப் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய!

கேள்வி: பணப் பரிமாற்ற விவரத்தை இந்தப் பகிர்ந்த கியூவில் வைக்கலாமா ஐயா? (பட்டர்வொர்த், பினாங்கு)

வேண்டாம். பகிர்ந்த கியூ ரெக்கவரபிள் (பழைய நிலைக்கு மீட்கக்கூடியது) கிடையாது. டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனாலும் எழுதியது அப்படியே இருக்கும். சிஐசிஎஸ் விழுந்தாலும், இசட்ஓஎஸ்ஸையே ஐபிஎல் (மறுதொடக்கம்) செய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, சரி. கப்ளிங் ஃபெசிலிட்டியே போனால்? டூப்ளெக்ஸ் (இன்னொரு பிரதியும் வைப்பது) செய்யாவிட்டால் கியூவும் போச்சு. காசு சம்பந்தப்பட்டது டிபி2 தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கியூ அளவுக்கு வரம்பு உண்டா? (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

ஒரு ஐட்டம் 32,763 பைட் வரை. மொத்தமே 32 கேபிக்குள் அடங்கும் சின்னக் கியூவை சர்வர் இண்டெக்ஸிலேயே (கியூக்களின் அட்டவணை) வைத்துக்கொள்ளும், அணுகுவது வேகம். அதைத் தாண்டினால் தனி லிஸ்டுக்கு மாற்றிவிடும், அப்புறம் செலவும் கூடும்.