கிளுவை வேலியை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் வீடு. மேற்கே பழைய கிளுவை வேலி. அதை எடுத்துவிட்டு ஹாலோபிளாக் சுவர் வைக்கலாமா, தகரம் அடிக்கலாமா என்று யோசனை. அமெரிக்காவில் இருக்கும் மகன், வேலிக்குக்கூட விதி இருக்கும், விசாரியுங்கள் என்கிறான். இங்கே அப்படி உண்டா?

பதில்: உங்கள் மகன் அங்கத்திய வழக்கத்தைச் சொல்கிறார். அங்கே பல ஊர்களில் வீட்டு முன்பக்கம் 4 அடி, பின்பக்கம் 6 அடிக்கு மேல் வேலி கூடாது, முள்கம்பி கூடாது, வேலியின் நல்ல முகம் பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் சுவரா தகரமா என்பதில் வில்லங்கம் வருவதில்லை, எங்கே நிற்கிறது என்பதில்தான் வரும்.

கிளுவை, போத்து (வெட்டிய கிளை) நட்டு வருஷா வருஷம் கழித்துவிட வேண்டிய உயிர்வேலி. நாலு வருஷம் கவனிக்காமல் விட்டால் புதராகப் பரந்து, பட்டுப்போன இடத்தில் யாரோ புதுப்போத்தை ஒரு முழம் தள்ளி ஊன்றியிருப்பார்கள், அந்தத் தூரை எல்லை என்று நம்பி அஸ்திவாரம் தோண்டினால் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றுபோகும். அதனால் முதலில் இ-சேவை மையத்தில் நில அளவைக்கு மனுப் போடுங்கள். சர்வேயர் வரும் அன்று பக்கத்து வீட்டுக்காரரும் கூட நிற்கட்டும். சுவர் எல்லைக்குள் இருந்தால் போதாது, அடியில் அகலமாகப் போகும் அஸ்திவாரமும் உங்கள் மண்ணிலேயே இருக்க வேண்டும். கொத்தனார்கள் இதைச் சொல்லமாட்டார்கள்! 2019-ல் வந்த கட்டட விதிகள் கிராமத்துக்கும் உண்டு என்பதால் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கொல்லையை ஒட்டி வாய்க்கால் இருந்தால் அதன் கரை புறம்போக்கு, அங்கே கம்பிக்கால்கூட ஊன்றாதீர்கள். அப்புறம் நம் களிமண், வெயிலில் வெடித்து மழையில் உப்பும். எங்கள் வீட்டு ஹாலோபிளாக் சுவர் 2018 கஜா புயலில் அப்படியே சாய்ந்தது, எதிர்ப்பக்கத்துக் கிளுவை நின்றது. ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விடாமல் சுவர் எழுப்பினால் கொல்லை குளமாகிவிடும்.

கேள்வி: பன்றித் தொல்லை. வீட்டு லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆள் செத்தால் ஜெயில்தான். சோலார் வேலியில் விட்டுவிட்டு அடிக்கும் மின்துடிப்பு விரட்டும், கொல்லாது. வேளாண் பொறியியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.