மனைவியை எழுப்புங்கள்

கேள்வி: பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு 34 அடி பாய்மரப் படகில் நானும் மனைவியும் மட்டும் போகவிருக்கிறோம். போன முறை ஐந்து நாள் ஓட்டத்திலேயே என்மேல் எரிந்து எரிந்து விழுந்தாள். இத்தனைக்கும் ராத்திரி காற்று ஏறினால்கூட அவள் தூக்கத்தைக் கெடுக்காமல் நானே முன்தளத்துக்குப் போய்ப் பாயைச் சுருக்கிவிட்டு வருவேன். இந்த முறை அவளை விமானத்தில் அனுப்பிவிட்டு நான் மட்டும் ஓட்டிப் போகட்டுமா?

பதில்: கோபம் இருக்கட்டும். "தூக்கத்தைக் கெடுக்காமல்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்.

அவர் தூங்கியிருக்க மாட்டார். கீழே படுத்திருப்பவருக்குத் தளத்தில் நடக்கிற ஒவ்வொரு காலடியும் தலைக்கு மேலே கேட்கும். கொக்கி உரசும் சத்தம், நாலு எட்டு, பிறகு ஒன்றுமில்லை. அடுத்த காலடி கேட்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார். ஐந்து ராத்திரி இப்படிக் கிடந்தவர் பகலில் சிரித்துப் பேசுவாரா?

நிஜமாகவே தூங்கிவிட்டால் இன்னும் மோசம். நீங்கள் விழுந்தாலும் ஆட்டோ பைலட் படகை ஓட்டிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் மூன்று மணி நேரக் காவல் முறை முடிந்து, தன் முறைக்கு அவர் எழுந்து வரும்போது, 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் படகு 15 கடல் மைல் தள்ளிப் போயிருக்கலாம். எங்கே விழுந்தீர்கள் என்றே தெரியாது. இரண்டு மீட்டர் அலையில், சில நூறு மீட்டருக்கு அப்பால் மனிதத் தலை பகலிலேயே கண்ணில் படாது. மொத்தத் தூரம் சுமார் 3,000 கடல் மைல். நாளுக்கு 120 போனால் 25 நாள். அப்படிப்பட்ட கடலில் ஒரு பெண்ணைக் காலிப் படகில் விட்டுப்போகத் துணிவதற்குப் பெயர் பாசமா? மனைவிக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் கடமை உயிரோடு திரும்பி வருவது.

இனி, மற்றவர் காக்பிட்டில் (உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளத்தில்) வந்து உட்காராமல் நீங்கள் இருவருமே அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. எழுப்புங்கள். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இருட்டுவதற்கு முன்பே பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிட்டால் எழுப்ப வேண்டிய தேவையே குறையும். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். மற்ற பாய் வேலைகளைக் காவல் மாறும் நேரத்துக்குத் தள்ளுங்கள். உங்களைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரை, கீழறையிலிருந்து ஏறும் படிக்கட்டில் நிற்கும்போதே மாட்ட வேண்டும். முன்தளத்தில் ஒரு மீட்டர் வார்தான் சரி. இரண்டு மீட்டர் வாரில் விழுந்தவர் தண்ணீரில் இழுபட்டே மூழ்கலாம். வாரின் கொக்கியை மாட்டத் தளத்தின் நீளத்துக்குக் கட்டுவது தட்டை நாடாவாக இருக்கட்டும், கம்பி காலடியில் உருளும். வெயில் பட்டு வெளிறிய நாடாவைத் தூக்கிப் போடுங்கள்.

தனியாகப் போகும் யோசனையை விடுங்கள். நீங்கள் தூங்கும்போது கப்பல் வருகிறதா என்று யார் பார்ப்பது? அவருக்கு வர விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

வருகிறேன் என்றால், புறப்படுமுன் கரையோரம் ஒரு வாளியைக் கட்டிய மிதவையைக் கடலில் போட்டு, அதை அவரையே மீட்கச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ்.ஸில் 'ஆள் விழுந்தார்' பொத்தானை அழுத்த வேண்டும். பூம் (பெரிய பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கட்டை) மறுபக்கம் அடிக்காமல் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் திருப்பினால் பாயில் எதிர்ப்பக்கம் காற்று அடைத்துப் படகு சிக்கிக்கொள்ளும். ஆட்டோ பைலட்டை விடுவித்துப் படகைக் காற்றுக்கு எதிரே திருப்ப வேண்டும். தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று இருபுறமும் பார்த்த பிறகே இன்ஜினைத் தொடலாம், இல்லையென்றால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். நனைந்த உங்கள் உடலை அவரால் கையால் தூக்க முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை உங்கள் ஹார்னெஸ் (உடம்பில் அணியும் பாதுகாப்புக் கச்சை) வளையத்தில் மாட்டி, வின்ச்சில் (கயிற்றை இழுக்கும் கைப்பிடி உருளையில்) சுற்றித்தான் ஏற்ற வேண்டும். அதையும் துறைமுகத்தில் பழகட்டும். முதல் தடவை அரைமணி நேரம்கூட ஆகலாம். அதுவரை நீங்கள் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருங்கள்.