பக்கத்து வீட்டு மரம், நம் வீட்டுச் சுவர்: வாசகர் கேள்விகள்

தண்டையார்பேட்டை வாசகர்: பக்கத்து வீட்டு வேப்பமரக் கிளைகள் எங்கள் மொட்டை மாடி மேல் படர்ந்திருக்கின்றன. இலை விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. கேட்டால், ‘20 வருஷமா இப்படித்தானே இருக்கு’ என்கிறார். நாங்களே வெட்டிவிடலாமா? வேர் வேறு எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் வந்துவிட்டது.

வெட்டலாம், உங்கள் எல்லைக்கோடு வரைக்கும். 20 ஆண்டு அனுபவித்ததால் வரும் உரிமை வழி, வெளிச்சம், தண்ணீர் போன்றவற்றுக்குப் பொருந்தும். வளர்ந்துகொண்டே போகும் கிளைக்குப் பொருந்தாது. 1894-ல், அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, லெமன் எதிர் வெப் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: தன் இடத்துக்குமேல் நீட்டும் கிளையை, அடுத்தவர் இடத்தில் கால் வைக்காமல் வெட்டுவதற்கு முன்னறிவிப்புகூடத் தேவையில்லை. நம் ஊர் நீதிமன்றங்களும் இந்த வழியில்தான் போகின்றன. ஆனால் வெட்டிய கட்டை மரக்காரருக்குச் சொந்தம். மரம் பட்டுப்போகும்படி வெட்டினாலோ, வேரில் ஆசிட் ஊற்றினாலோ அது சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம்.

இத்தனை உரிமை இருந்தும், அவரிடம் பேசி அவர் பக்கம் நின்று வெட்டுங்கள் என்றே சொல்வோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் கொஞ்சம் தடித்திருக்கும். அந்த வளையத்தை ஒட்டி, அதற்கு வெளியே வெட்டினால்தான் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். அந்த இடம் அநேகமாக அவர் எல்லைக்குள் இருக்கும். சுவருக்கு நேராக நடுக்கிளையில் வெட்டினால் மொட்டைக் கட்டை நிற்கும். அதிலிருந்து கொத்துக் கொத்தாகப் புதுக்கிளைகள் கிளம்பும். அவை பிடிமானம் இல்லாதவை, அடுத்த காற்றுக்கு முறிந்து உங்கள் மாடியில்தான் விழும்.

மணிக்கட்டுக்குமேல் கனமான கிளையை ஒரே வெட்டில் இறக்காதீர்கள். பாதி அறுபடும்போதே கிளை சாய்ந்து, தண்டின் பட்டையைக் கீழே வரை உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே, மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிச்சக் கட்டையை வளையத்தை ஒட்டி எடுத்துவிடுங்கள். அரிவாள் வேண்டாம், ரம்பம்தான். ஒரு வருஷத்தில் மொத்தத் தழையில் கால் பங்குக்குமேல் எடுக்கக் கூடாது. உங்கள் பக்கம் மட்டும் ஒட்ட வெட்டினால் மரத்தின் பாரம் அவர் வீட்டுப் பக்கம் சாயும். அவரிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. மின்கம்பி அருகில் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-ல் அழைத்துச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை நடக்க வேண்டும். ஈரக்கிளை மின்சாரம் கடத்தும்.

வேர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நல்ல தொட்டிச் சுவரை வேர் துளைத்துக்கொண்டு வருவது அரிது. ஏற்கெனவே கசியும் வெடிப்பைத் தேடித்தான் வரும். தொட்டியைக் காலிசெய்து, உள்ளே வந்த வேரை நறுக்கி, வெடிப்பை அடைத்து நீர்ப்புகாப் பூச்சுப் பூசுவதுதான் முதல் வேலை. வெளியே தோண்டி வெட்டுவதானால், தண்டின் குறுக்களவைப்போல ஐந்து மடங்கு தூரத்துக்கு உள்ளே போகாதீர்கள். ஓர் அடி தண்டுக்கு ஐந்து அடி. அதற்குள் உள்ள பெரிய வேர்தான் மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

ராயபுரம் வாசகி: இரண்டு வீட்டுக்கும் பொதுவான பழைய சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. யார் பிடுங்க வேண்டும்? வெட்ட வெட்ட வருகிறது.

பறவை எச்சத்தில் வந்த விதை. நட்டவர் என்று யாரும் இல்லை. சுவர் பொது என்றால் செலவும் பொதுதான். பேச்சுவார்த்தையில் நாள் கடத்தாதீர்கள், காசு குறைவாக ஆகும் காலம் கன்று பென்சில் கனத்தில் இருக்கும்போதுதான். ஒரு மழைக்குப் பிறகு, சுவர் ஊறியிருக்கையில், மெல்ல ஆட்டி இழுத்தால் வேரோடு வரும்.

கனத்துவிட்டதென்றால் மேலே வெட்டுவதில் பயனில்லை. பூச்சைக் கொத்தி, வேர் போகும் திசையிலேயே போய், தேவைப்பட்டால் இரண்டு மூன்று செங்கலை எடுத்து, வேரை முடிந்தவரை உருவ வேண்டும். உங்கள் பகுதியின் பழைய வீடுகளில் பல சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அந்தச் சுவரை வெறும் சிமென்ட்டால் அடைத்தால் இரண்டும் ஒட்டாமல், நடுவே முடி கனத்தில் வெடிப்பு விட்டு, அடுத்த விதைக்கு இடம் கொடுக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடையுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம், வேருக்கு முன்னால் காரையைத் தின்றுவிடும். மிச்ச வேரிலிருந்து தளிர் வந்தால் இலை விரிவதற்குள் கிள்ளுங்கள். விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் வேர் உணவில்லாமல் சாகும்.

அரச மரத்தை அழிக்க மனம் வரவில்லை என்று பலர் விட்டுவைக்கிறார்கள். நியாயமான மனசுதான். வேரோடு வந்த சின்னக் கன்றைத் தொட்டியில் வைத்தால் பிழைக்கும். பிறகு இடம் உள்ள கோயிலுக்கோ பூங்காவுக்கோ கேட்டுக் கொடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: எங்கள் பக்கம் நீட்டும் கிளையில் காய்க்கும் மாங்காய் யாருக்கு?

மரக்காரருக்கு. தானாக விழுந்ததும் அவருடையதே. கிளையை வெட்டும் உரிமை காய் பறிக்கும் உரிமை ஆகாது.

திருவொற்றியூர் வாசகி: பின்வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டுக் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது. புயலில் விழுந்தால் யார் பொறுப்பு?

சாய்வு மட்டுமே ஆபத்து ஆகாது. கடற்கரைத் தென்னை சாய்ந்தே பல காலம் நிற்கும். சாய்வுக்கு எதிர்ப்புறம் அடிமண் புதிதாக வெடித்துத் தூக்கியிருக்கிறதா, தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா, ஓட்டையில் நார்ச்சக்கை தள்ளியிருக்கிறதா, நடுக்குருத்து வாடுகிறதா என்று பாருங்கள். ஓட்டையும் சக்கையும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். அந்த மரத்தை நம்பக் கூடாது.

நல்ல மரம் 2016 வர்தா போன்ற புயலில் விழுந்தால் இயற்கைச் சீற்றம் என்றே கொள்ளப்படும், இழப்பீடு கிடைப்பது கடினம். மரம் கெட்டிருப்பது தெரிந்தும் உரிமையாளர் சும்மா இருந்தால் பொறுப்பு அவருடையது. ‘தெரிந்தும்’ என்பதை நிரூபிக்கத்தான் கடிதம் வேண்டும். தேதி போட்டு, என்ன கோளாறு என்று எழுதி, படம் இணைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். 15 நாளில் அசைவில்லை என்றால் அந்த நகலோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு.

வெட்டுவது முடிவானால் முழுநீளத்தில் சாய்க்க விடாதீர்கள். மரமேறி முதலில் குலையையும் மட்டையையும் இறக்கி, பிறகு தண்டை இரண்டு மூன்று அடித் துண்டுகளாகக் கயிற்றில் இறக்க வேண்டும். நல்ல மரம்தான் என்றால் 45 நாளுக்கு ஒருமுறை காயும் காய்ந்த மட்டையும் இறக்கினால் போதும். அந்தக் கூலி மரக்காரர் தர வேண்டியது.

மாதவரம் வாசகர்: தெருவோர மரம் என் வாசலை மறைக்கிறது, வெட்டலாமா?

கூடாது, அது மாநகராட்சியின் பொறுப்பு. 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் வாசகி: பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி சுவரேறி வருகிறது. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

குழந்தையின் தோலைத் தேய்க்காதீர்கள், பூச்சியின் முடி இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனை.

பகலில் பூச்சிகள் தண்டில் கூட்டமாக அடைந்திருக்கும். இரவில்தான் இலை தின்னப் போகும். எனவே வேலையைப் பகலில் செய்யுங்கள்: நீள விளக்குமாற்றால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துத் தள்ளினால் போதும். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அவசியம். பந்தம் கொளுத்துவது தோப்புக்குச் சரி, மூன்றடி இடைவெளியில் வீடுகள் நிற்கும் தெருவுக்கு அல்ல. நிறைய இருந்தால் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். காய்ப்பு முடிந்ததும் மரத்தைத் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிடும்படி அவரிடம் சொல்லுங்கள். முருங்கை நாலைந்து மாதத்தில் திரும்பக் காய்க்கும். மரம் தாழ்ந்தே இருப்பதால் பூச்சி தெரிந்த அன்றே கைக்கு எட்டும்.