எல்இடி இண்டிகேட்டர் ரிலேவைச் சோதிக்க டம்மி லோடு எதற்கு? அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டம்மி லோடு என்பது விளக்குக்குப் பதிலாக இணைக்கும் மின்தடை (ரெசிஸ்டர்). விளக்கு இழுக்கும் மின்னோட்டத்தையே இழுக்கும்; ஒளி தராது, வெப்பம் மட்டுமே தரும். வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க நெல் மூட்டைதான் வேண்டுமா? அதே எடையில் மணல் மூட்டை போதும்.

பழைய கார்களின் இண்டிகேட்டர் ரிலே, அதாவது விளக்கைச் சிமிட்டவைக்கும் சுவிட்ச், 21 வாட் பல்புக்காக அமைந்தது. 12 வோல்ட்டில் அந்தப் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்கையே இழுப்பதால், பல்பு எரிந்துபோனதாகக் கொண்டு ரிலே படபடவென்று சிமிட்டுகிறது. கோளாறு ரிலேயிலா, குறைந்த மின்னோட்டத்தாலா என்று பிரித்தறிய எல்இடிக்கு இணையாக டம்மி லோடைப் போடுகிறோம்.

கணக்கு எளிது: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை ஓமில் கிடைக்கும்; 12 × 12 ÷ 21 = 6.86. கடையில் கிடைக்கும் 6.8 ஓம் பொருந்தும். வாட் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டை எட்டும். அப்போது வெப்பம் சுமார் 29 வாட். ஆகவே 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டரை வாங்கி உலோகத் தகட்டில் திருகுங்கள். பிளாஸ்டிக் மேல் வைக்கவே வைக்காதீர்கள், உருகிவிடும்.

பல்பை மீட்டரில் அளந்து அதே ஓமில் ரெசிஸ்டர் வாங்கலாம் என்று நினைப்பது தவறு: குளிர்ந்த இழையின் தடை, ஒளிரும்போது ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்துவிடும்.