டிஸ்டெம்பர் சுவரில் எமல்ஷன் ஏன் உரிகிறது?

கேள்வி: பொங்கலுக்குள் எங்கள் படுக்கையறைக்கு (10க்கு 12 அடி) நானும் கணவருமே பெயிண்ட் அடிக்கலாம் என்றிருக்கிறோம். சுவரில் பழைய டிஸ்டெம்பர். முன்பு பக்கத்து அறையில் அதன் மேலேயே எமல்ஷன் அடித்தோம், ஒரே வருஷத்தில் தோல்தோலாக உரிந்துவிட்டது. ஜன்னல் பக்கச் சுவரின் அடியில் உப்பு வேறு பூத்திருக்கிறது. எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்? - கும்பகோணம் வாசகி

பெயிண்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுவரை உள்ளங்கையால் நன்றாகத் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டுகிறதா? அதுதான் பழைய டிஸ்டெம்பர், சுண்ணப்பொடிப் பூச்சு. பக்கத்து அறையில் எமல்ஷன் பிடித்துக்கொண்டிருந்தது சுவரை அல்ல, அந்த மாவைத்தான். மாவு உதிர்ந்தபோது எமல்ஷனும் கூடவே வந்துவிட்டது.

அதனால் சுரண்டியே ஆக வேண்டும். ஸ்பாஞ்சால் தண்ணீர் தொட்டு ஒரு முழம் அகலத்துக்கு நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பட்டித் தகட்டால் வழித்தால் சாதா டிஸ்டெம்பர் கூழாக வந்துவிடும், தூசியும் பறக்காது. சலிப்பான வேலைதான், ஒரு நாள் முழுக்கக் கூடப் போகும். பெயிண்டருக்குக் கொடுக்கும் கூலியில் பாதி இந்த வேலைக்குத்தான் என்பது என் எண்ணம். துடைத்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். விரிசல், ஆணி ஓட்டைக்கு மட்டும் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்துவிட்டு ஒரு கோட் வாட்டர் பிரைமர் (எமல்ஷனுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு). பிரைமரை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக 400. புதிதாக அடிப்பவர் கையில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100, 110 சதுர அடி வரும், ஆக 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். சீலிங்குக்கு வெள்ளை ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். கூடுதலாக வாங்க நேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கலந்துகொள்ளுங்கள், ஒரே எண் நிறம்கூட டப்பாவுக்கு டப்பா லேசாக மாறும்.

சீலிங் முதலில், அப்புறம் சுவர். ஓரங்களை 2 அங்குல பிரஷ்ஷால் கட்டிங் எடுத்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரை ஓட்டுங்கள். எல்லா ஓரத்தையும் முடித்துவிட்டு ரோலரை எடுத்தால் ஃபோட்டோவுக்கு ஃப்ரேம் போட்ட மாதிரி கோடு தெரியும். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம். எமல்ஷனில் கலக்கும் தண்ணீர், அதன் டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடுங்கள், மார்கழிக் குளிரில் இன்னும் கூட ஆகலாம்.

சரி, அந்த உப்புச் சுவர். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளேயே போகும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர், பொங்கலுக்குள் காய்வது சந்தேகம்தான். வெளியே சன்ஷேட் விரிசலையோ குழாய்க் கசிவையோ அடைத்துவிட்டு, மூன்று சுவரை இப்போது முடியுங்கள். நாலாவதை மாசி வெயில் வரை வெறும் பூச்சாகவே விட்டுவிட்டு, அதற்கு வேண்டிய ஒரு லிட்டரை இறுக்கி மூடி வையுங்கள்.