அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக் கல்லூரிக்குப் போய், சியர்லீடிங் அணியில் ஃபிளையராக, அதாவது மற்றவர்கள் தூக்கிப் பிடிக்க மேலே நிற்பவராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எல்லாரும் மலையாளத்திலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி, இரண்டு வருஷம் பேஸாக, ஃபிளையரைக் கீழிருந்து தாங்குகிறவளாக நின்றவள்.

மொத்த அணியையும் ஒரே நாளில் சிநேகம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கீழே தாங்கும் இரண்டு பேஸ், பின்னால் நிற்கும் ஸ்பாட்டர், முதலில் இந்த மூன்று பேர் போதும். நீங்கள் சரிந்தால் உங்கள் தலையும் கழுத்தும் அவர்கள் கையில்தானே! இறங்கியதும் "நான் சரியா நின்றேனா?" என்பதற்கு முன்னால் "வலிச்சுதா?" என்று கேளுங்கள். எங்கள் ஃபிளையர் ஒருநாள் என் மணிக்கட்டில் பதிந்திருந்த ஷூ தடத்தைப் பார்த்தாள். மறுநாள் ஷூவின் அடிப்பக்கத்தில் ஒரு மண் இல்லை, துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதுவரை நாங்கள் நாலு வார்த்தை பேசியதில்லை.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். ஆரம்பிக்கும்போது எண்ணுகிற அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு மலையாளத்திலும் அதேதான். ஸ்பாட்டரோடு சேர்ந்து நீங்களும் சத்தமாக எண்ணுங்கள், உங்கள் குரல் அவர்களுக்குப் பழகட்டும். அப்புறம், சொந்த ஊர்ப் பெயர் 'பட்டி' என்று முடிந்தால் சிரிப்பார்கள். அங்கே பட்டி என்றால் நாய். நீங்களும் சிரித்துவிடுங்கள், நல்ல ஆரம்பம்.

பயிற்சி முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறீர்கள், இல்லையா? வாரத்தில் ஒருநாளாவது ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, அவர்களோடு டீயும் பழம்பொரியும் சாப்பிடப் போங்கள்.